பஞ்சாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும்

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகிற அதே முறையில் கல் நட்டு, அதில் சேவலின் உருவத்தை வெட்டி, பக்கத்தில் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அது முகையூர் மேற்சேரிச் சேவல் என்பது அந்த எழுத்திலிருந்து தெரிகிறது. காலம் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டு. செங்கல்பட்டு மாவட்டம் இந்தளூரிலும் இன்னொரு சேவல் நடுகல் உண்டு. அது கீழ்ச்சேரிச் சேவலுக்கு நட்டது. தன் சேரியின் சேவல் செத்ததற்குக் கல்தச்சனைக் கூப்பிட்டவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பது கோழி வளர்த்தவர்களுக்குப் புரியும்.

அரசலாபுரம் இருக்கும் அதே நடுநாட்டு மண்ணில்தான் களமருதூரும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டம். நெல்லும் உளுந்தும் மல்லாட்டையும் கரும்பும் விளையும் பூமி. இந்தப் பக்கத்துத் தெருக்களில் விடிந்ததும் முதல் வேலை கோழியைத் திறந்து விடுவதுதான். பஞ்சாரத்தைத் தூக்கியதும் தாய்க்கோழி முதலில் வெளியே வராது. கழுத்தை மட்டும் நீட்டி, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கும். நாலைந்து பெட்டைக்கோழி, ஒரு சேவல், ஒரு ஈடு குஞ்சு: பெரும்பாலான வீடுகளில் அவ்வளவுதான். முட்டை விற்ற காசும் கோழி விற்ற காசும் அந்த வீட்டுப் பெண்ணின் கைக்காசு. அதில் யாரும் பங்கு கேட்பதில்லை.

வாசல் கோழி தரும் ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் அதன் உடம்புக்குள் ஒரு காரணம் இருக்கிறது. பல சமயம் கவலையும் அதே காரணத்திலிருந்துதான் வருகிறது. ஒரு பெரிய கவலை மட்டும் கோழியின் உடம்பால் வருவதைவிட நம் பழக்கத்தால்தான் அதிகம் வருகிறது. அதை இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் முட்டை. வெடைக்கோழிக்கு ஐந்தாறு மாதம் ஆனதும் கொண்டை சிவக்கத் தொடங்கும். வைக்கோல் போரின் சந்து, விறகுக் கட்டின் பின்புறம், பழைய சைக்கிள் நிற்கும் மூலை என்று ஒவ்வொரு இடமாக எட்டிப் பார்க்கும். நாம் கூடையில் வைக்கோல் பரப்பி வைத்தால் அதை மதிக்காது. தானாக ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே உட்கார்ந்து எழுந்து, தெருவே கேட்கும்படி கொக்கரிக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் அந்தச் சூடான முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சூடு கோழியின் உடம்புச் சூடு. அதற்கு இயல்பான வெப்பநிலையே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

அந்த முட்டை முந்தைய நாளே புறப்பட்டது. சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபட்டதும் புனல் வடிவக் குழாய் அதை வாங்கிக்கொள்கிறது. சேவலின் விந்து அங்கே இருந்தால், மஞ்சள் கரு அந்தக் குழாயில் தங்கும் கால் மணி நேரத்துக்குள்தான் கரு கூட வேண்டும். அடுத்த மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சேர்கிறது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சவ்வு. மீதி 18 முதல் 20 மணி நேரமும் ஓட்டுக்கே போகிறது. மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். ஒரு நாளைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிடிப்பதால் இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதரைக்கு இடும், மறுநாள் இன்னும் தாமதிக்கும். நேரம் பிற்பகலுக்குத் தள்ளிப் போனதும் ஒரு நாள் விட்டுவிட்டுத் திரும்பக் காலையில் தொடங்கும். “நேத்து போட்டுது, இன்னிக்கு ஏன் போடல?” என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். கோழிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஓட்டில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். அந்தச் சிறிய உடம்புக்கு இது பெரிய செலவு. அதிலும் ஓடு கட்டுகிற வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அப்போது இரை இல்லை, கோழி தூங்கிக்கொண்டிருக்கிறது. இதற்காகவே முட்டையிடும் பருவத்தில் பெட்டைக்கோழியின் கால் எலும்புகளின் உட்புழையில் தனியாக ஓர் எலும்பு வளர்கிறது. சேவலுக்கு அது இல்லை. இரவில் அதைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பகலில் தின்னும் இரையிலிருந்து மறுபடி நிரப்பிக்கொள்கிறது. நிரப்பப் போதிய சுண்ணாம்புச் சத்து கிடைக்காவிட்டால் தோல்முட்டை வரும். சமையலில் உடைத்த முட்டை ஓடுகளைக் காயவைத்து, நன்றாகப் பொடித்து, தவிட்டில் கலந்து வைத்தாலே போதும். பொடிக்காமல் அப்படியே போடக் கூடாது. அந்த ஓடு முட்டையினுடையது என்று கோழி அடையாளம் கண்டுகொண்டால் தன் முட்டையைத் தானே கொத்தப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கடினம்.

நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது. வாசலில் மேயும் நாட்டுக்கோழி 60, நன்றாகக் கவனித்தால் 80. இரை ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டின் வழியே மூளைக்குள் கசியும் ஒளியையும் உணர்ந்து நாளின் நீளத்தைக் கணக்கிடுகிறது. பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரப் பகலை உண்டாக்குகிறார்கள். நம் ஊரில் மார்கழிப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஆனிப் பகல் பன்னிரண்டே முக்கால். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கும் நாட்டுக்கோழி கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது.

ஆனாலும் முக்கியமான காரணம் அடை.

பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் ஒருநாள் அந்தக் கோழி கூடையை விட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் இறகை உப்பிக்கொண்டு உறுமும், கொத்தும். நேற்றுவரை மடியில் உட்கார்ந்த கோழிதான் அது. மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறிவிட்டது. பாலூட்டும் தாய்மாருக்குப் பால் சுரக்கவைப்பதும் இதே புரோலாக்டின்தான். கோழியில் அது சினைப்பையைச் சுருக்கி முட்டையை நிறுத்துகிறது, பசியைக் குறைக்கிறது, மார்பில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டைமேல் படும்படி செய்கிறது. பண்ணைக் கோழி இனங்களில் அடை காக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்துத்தான் 300 முட்டையை எட்டினார்கள். அந்தக் கோழிக்கு முட்டை உண்டு, குஞ்சு வளர்க்கத் தெரியாது. நம் வாசல் கோழி முட்டையைக் குறைத்துக்கொண்டு தாயாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கோழியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடை 21 நாள். இந்த நாட்களில் தாய் தினமும் பல முறை முட்டைகளை அலகால் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் ஒரு பக்கத்துச் சவ்வில் ஒட்டிக்கொண்டு வீணாகும். நாளைக்கு ஒரு தடவை எழுந்து வந்து அவசரமாக நாலு வாய் இரை, இரண்டு வாய் தண்ணீர், பெரிதாக நாற்றமடிக்கும் ஒரு எச்சம், கொஞ்சம் புழுதிக் குளியல், மறுபடி கூடை. அடைக் கோழி எழுந்து வரும் அந்தப் பத்து இருபது நிமிடத்தில் இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே இருப்பது மாதிரி பெரிய உதவி வேறில்லை. கூடையிலேயே உட்கார்ந்து மெலிந்து செத்த கோழிகளும் உண்டு.

ஏழாம் நாள் இரவு வாக்கில் டார்ச் விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்ப்பார்கள். பேரன் கையில் டார்ச், ஆயா கையில் முட்டை.

“ஆயா, உள்ள சிலந்தி மாதிரி ஓடுதே!”

“அதான்டா உசுரு. ஆட்டாத, குடு இங்க.”

சிலந்திக் கால்களாகத் தெரிவது இரத்த நாளங்கள். நடுவில் துடிக்கும் புள்ளி இதயம். அது மூன்றாம் நாளுக்குள்ளேயே துடிக்கத் தொடங்கியிருக்கும். எதுவும் தெரியாமல் வெளிச்சம் நேராக ஊடுருவினால் கரு கூடாத முட்டை. அதை எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் கூமுட்டையாகி வெடித்து நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

அடை வைக்கும்போது கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது நம் வழக்கம். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்பதற்காகச் செய்வது. இடியால் கரு கெடுவதில்லை. கோடையில் கெடுப்பது வெயில். முட்டை 27 டிகிரிக்கு மேல் சூட்டில் பல நாள் கிடந்தால் அடைக்குப் போகும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்று, செத்துவிடும். சித்திரை, வைகாசியில் பதினைந்து முட்டை வைத்து ஐந்து குஞ்சு பொரிப்பதற்குக் காரணம் இது. ஈரமணல் நிரப்பிய மண்பானையின் மேல் ஒரு துணி விரித்து முட்டைகளைச் சேர்த்து வைத்தால், தண்ணீர் ஆவியாகும்போது பானை குளிர்ந்து முட்டையும் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகப் பார்த்து அடை வைக்க வேண்டும். கழுவக் கூடாது, ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும்.

இருபதாம் நாள் ஒரு அதிசயம் நடக்கும். கூடைக்குப் பக்கத்தில் காதை வைத்தால் முட்டைக்குள்ளிருந்து ‘கீச்’ என்று கேட்கும். குஞ்சு முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறையைக் குத்தி முதல் மூச்சு வாங்கிவிட்டது என்று பொருள். தாய் அதற்கு மெதுவான குரலில் பதில் கொடுக்கும். ஓடு உடைவதற்கு முன்பே இருவரும் ஒருவர் குரலை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். மீதியிருக்கும் மஞ்சள் கரு முழுவதையும் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதனால் இரண்டு நாள்வரை இரையில்லாமலே தாங்கும். முதல் நாளே குருணையைத் திணிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதைவிட எனக்கு வியப்பான ஒன்று உண்டு. முட்டைக்குள் குஞ்சு சுருண்டு கிடக்கும் விதத்தில் அதன் வலது கண் ஓட்டின் பக்கமாகவும் இடது கண் தன் உடம்பில் புதைந்தும் இருக்கிறது. தாய் எழுந்து போகும் அந்தச் சில நிமிடங்களில் ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலது கண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ் இதன் விளைவைக் காட்டினார். அப்படி வெளிச்சம் பட்ட குஞ்சு, பொரித்த பிறகு வலது கண்ணால் தானியத்தையும் பொடிக்கல்லையும் பிரித்துப் பொறுக்கிக்கொண்டே, இடது கண்ணால் ஆபத்தைக் கவனிக்க முடிகிறது. முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளால் இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் அவ்வளவு திறமையாகச் செய்ய முடிவதில்லை. பஞ்சாரத்திலிருந்து தலை நீட்டும் கோழி கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பதை இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

வானத்தில் வருவது பருந்து அல்லது வல்லூறு. களமருதூர் மாதிரி ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில் குஞ்சு வளர்ப்பவருக்கு முதல் எட்டு வாரம் நெஞ்சில் நெருப்புதான். மேலே பருந்து, கீழே கீரி, பாம்பு, தெருநாய். எண்ணி விட்ட குஞ்சு மாலையில் எண்ணும்போது ஒன்று குறைந்திருக்கும். தாயின் காவல் இல்லாவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. சேவலும் கோழியும் வானத்து எதிரிக்கு ஒரு குரலும் தரை எதிரிக்கு வேறு குரலும் கொடுக்கின்றன. மேலே பருந்தைக் கண்டால் நீளமான, மெலிந்த ஒற்றைக் குரல். கேட்ட குஞ்சுகள் பதுங்கும். நாயையோ கீரியையோ கண்டால் விட்டுவிட்டு ஒலிக்கும் கொக்கரிப்பு. கேட்டவை கழுத்தை நிமிர்த்திச் சுற்றும் பார்க்கும். பீட்டர் மார்லர், கிறிஸ்டோபர் எவன்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1980களிலும் 90களிலும் இதைச் சோதித்தார்கள். கூண்டுக்கு மேலே தொலைக்காட்சித் திரையில் பருந்தின் உருவத்தை ஓடவிட்டால் சேவல் வானத்து எச்சரிக்கையைக் கொடுத்தது. பக்கத்தில் பெட்டைக்கோழி இருந்தபோது கூடுதலாகக் கொடுத்தது. தனியாக இருந்தபோது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு பதுங்கியது. யாருக்காகக் கூவுகிறோம் என்பது சேவலுக்குத் தெரிகிறது.

தாயின் மனநிலையையும் அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜோன் எட்கர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்க்கோழி பார்த்துக்கொண்டிருக்கும்போது குஞ்சுகள் மீது லேசாகக் காற்றை ஊதினார்கள். குஞ்சுக்கு வலி எதுவும் இல்லை, சிறு தொந்தரவுதான். தாயின் இதயத் துடிப்பு ஏறியது, கண்ணின் வெப்பநிலை இறங்கியது, குஞ்சுகளைக் கூப்பிடும் குரல் கூடியது. தன்மேல் காற்றை ஊதியபோது அந்த அளவுக்குப் பதறவில்லை. “கோழி மிதிச்சுக் குஞ்சு சாவுமா” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இந்தத் தாய்ப் பாசத்தைத்தான்.

முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் இறகுக்கடியில் நுழைந்து நுழைந்துதான் பிழைக்கிறது. அதனால்தான் திருவிழாக் கடைகளில் பச்சையும் ரோஸும் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்காதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். முட்டைக் கோழிப் பொரிப்பகங்களில் பயனில்லை என்று கழித்த ஆண் குஞ்சுகள் அவை. தாயும் இல்லாமல் சூடும் இல்லாமல் பெரும்பாலானவை சில நாளில் செத்துப் போகின்றன. பிள்ளை அழுதுகொண்டு குழி தோண்டும். பிள்ளைக்குக் கோழிப் பாசம் வர வேண்டுமென்றால் தாயோடு குஞ்சு வாங்கிக் கொடுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்பால் கழுவவும், குஞ்சுக்கு முத்தம் கொடுக்காமல் இருக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இந்த மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கே காட்டுக்கோழி என்றால் கழுத்தில் வெள்ளைப் புள்ளி மின்னும் சாம்பல் காட்டுக்கோழி. உலகத்தின் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் முதல் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. தாய்லாந்தில் நெல் விளைந்த இடங்களைத் தேடி அது மனிதரிடம் வந்தது என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. காலம் ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன். ஆனால் செங்காட்டுக்கோழியின் தோல் வெளிர் நிறம். நம் கோழிகளில் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சள். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லீஃப் ஆண்டர்சன் குழுவினர் 2008-இல் விடை கண்டார்கள். மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் மஞ்சள் நிறமியைத் தோலில் சிதைக்கும் நொதி அந்த மரபணு உள்ள கோழிகளில் வேலை செய்வதில்லை. நிறமி தோலில் தங்கிவிடுகிறது. இந்தியாவின் ஏதோ ஒரு காட்டோரத்தில் வீட்டுக் கோழியும் சாம்பல் காட்டுக்கோழியும் கலந்திருக்க வேண்டும். இன்று அமெரிக்கக் கோழியின் காலிலும் அந்த மஞ்சள் இருக்கிறது. மக்காச்சோளம் மிகுதியாக விளையும் கள்ளக்குறிச்சியில் மேயும் கோழியின் கால் அவ்வளவு மஞ்சளாக இருப்பதற்கு மலையும் காரணம், வயலும் காரணம். அந்தக் காட்டுக்கோழியைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெயில் அடுத்த கவலை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் வாயைத் திறந்து, இறக்கையைத் தளர்த்தி இரைக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது; ஓடு கட்டுவதற்கு அது வேண்டும் என்பதால் கோடை முட்டையின் ஓடு மெலிகிறது. நிழல், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீர், நண்பகலில் இரை போடாமல் காலையிலும் மாலையிலும் போடுவது: இவ்வளவு செய்தால் போதும். அழகில்லை என்று பலர் ஒதுக்கும் கழுத்தறுத்தான் கோழி இந்த வெயிலை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. இறகில்லாத கழுத்து வழியே சூடு வெளியேறிவிடும். எங்கள் பக்கத்துக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கோழிகளுக்குள் யார் பெரியவர் என்ற வரிசை கண்டிப்பானது. நார்வேக்காரர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று நோட்டில் எழுதத் தொடங்கி, 1921-இல் ஆய்வாக வெளியிட்டார். விலங்குகளின் சமூக அடுக்கு பற்றிய அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. விடியலில் எது முதலில் கூவும் என்பதும் இந்த வரிசைப்படிதான்: ஜப்பானின் சுயோஷி ஷிம்முராவும் தகாஷி யோஷிமுராவும் 2013-இல் சேவல் விடியலை உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தால் முன்கூட்டியே அறிகிறது என்றும், 2015-இல் வரிசையில் முதலிடத்தில் இருக்கும் சேவல் கூவிய பிறகே மற்றவை வரிசையாகக் கூவுகின்றன என்றும் காட்டினார்கள். இந்த வரிசை இருப்பதால், சந்தையில் வாங்கிய புதுக் கோழியை நேரே கூட்டத்தில் விட்டால் பழைய கோழிகள் அதை இரத்தக் காயம் ஆகும் வரை கொத்தும். சில நாள் தனிப் பஞ்சாரத்தில், எல்லாம் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு மாலையில் சேர்த்து விடுங்கள்.

தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் முதலில் தள்ளிவைத்த கவலை.

வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறிந்தார்கள். அடுத்து இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் பதிவானது, இந்தியாவில் அந்த ஊரின் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. வைரஸ் நோய். கோழி முதலில் ஒதுங்கி நிற்கும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகி வானத்தைப் பார்த்தபடி சுற்றும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்தில் ஒன்பது போய்விடும், சில சமயம் எல்லாமே. ஒரே வாரத்தில் தெருவே வெறிச்சோடிப் போவதைக் கிராமத்தில் வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள்.

நோய் வந்த பிறகு மருந்து இல்லை. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது கோழிக்குத் தெம்பு தரலாம். வைரஸை அது நிறுத்தாது. நிறுத்துவது தடுப்பு மருந்து ஒன்றுதான். ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. எட்டு வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி, அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து. 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில், கோடைக்கு முன், இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. மருந்தும் இருக்கிறது, விலையும் இல்லை. பிறகு ஏன் ஊர் ஊராகக் கோழி சாகிறது?

காரணம் எளிமையானது. இந்த மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக் குறைத்த வைரஸ். உறைந்த நிலையில் உலர்த்திப் புட்டியில் அடைத்து, ஐஸில் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு புட்டியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். ஒரு வீட்டில் இருப்பது எட்டுக் கோழி. எட்டுக்காக ஒரு புட்டியை உடைக்க மருத்துவமனைக்கு மனம் வராது, எட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வீட்டுக்காரருக்கும் மனம் வராது. முகாம் வரும் நேரத்துக்குக் கோழி மேய்ச்சலுக்குப் போயிருக்கும், துரத்தினாலும் கிடைக்காது. பண்ணைக்காரருக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அறிவியல் பண்ணையை மனதில் வைத்துப் புட்டியை அடைத்தது. வாசல் கோழிக்காரர் விடுபட்டுப் போனார்.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்பிரோ, சூட்டைத் தாங்கும் தடுப்பு வைரஸ்களை உருவாக்கினார். ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றுக்கு அவை போயின. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கோழியைப் பிடிக்கவே தேவையில்லாமல் இரையோடு தூவிவிடக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிக்காகவே உருவாக்கியது. இது ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் கிடைக்க வேண்டிய பொருள் என்பது என் கருத்து.

நோய் பரவும் வழியிலும் நம் கை இருக்கிறது. ஒரு கோழி தூங்கி வழிந்தால் “சாவறதுக்குள்ள வித்துடு” என்பார்கள். மறுநாள் அது சந்தையில் இருக்கும், அதற்கடுத்த நாள் வேறொரு ஊரின் பஞ்சாரத்தில். செத்த கோழியைக் குப்பைமேட்டிலோ ஏரிக்கரையிலோ வீசினால் நாயும் காகமும் அடுத்த தெருவுக்கு இழுத்துப் போகும். விற்காமல் தனியே அடைத்து வையுங்கள். செத்தால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். “கோழின்னா ஒரு வருஷம் போவத்தான் செய்யும்” என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். அது விதி இல்லை.

ஊசி போடும் நாளுக்கு முந்தின இரவு கோழியை அடைத்தால் காலையில் திறக்காதீர்கள். ஒரு தெருவில் பதினைந்து வீடு சேர்ந்தால் நூறு கோழி ஆகிவிடும், புட்டி வீணாகாது. மகளிர் குழுவில் ஒருவர் உளுந்தூர்ப்பேட்டையிலோ கள்ளக்குறிச்சியிலோ பக்கத்துக் கிளை நிலையத்திலோ இருக்கும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே எண்ணிக்கையைச் சொல்லி, நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். விடியற்காலையில், பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன், ஒரு மணி நேரத்தில் தெரு முழுவதற்கும் போட்டு முடிக்கலாம். தை பிறந்ததும் இதற்கான பேச்சைத் தெருவில் தொடங்கிவிடுங்கள்.